புரத உயிரியற்பிய வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு: இடம் தேடிய நாட்களும் அதற்குப் பின்னும்

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடி நான் முதலில் அனுப்பிய 12 மின்னஞ்சல்களில் 11-க்குப் பதிலே வரவில்லை. வந்த ஒரே பதிலும் இரண்டு வரிதான். எங்கள் குழுவின் கட்டுரைகளைப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இங்கே வந்து சேர்ந்தால் முதலில் எதை அளப்பீர்கள், ஏன் என்று எழுதி அனுப்புங்கள் என்று அந்தப் பேராசிரியர் கேட்டிருந்தார். எனக்கு விடை தெரியவில்லை. புரதங்கள்மீது சிறு வயதிலிருந்தே ஆர்வம் என்று ஒரு பத்தி நிறைய எழுதியிருந்தேனே தவிர, அந்தக் குழு ஆராயும் புரதத்தில் இன்னும் அளக்கப்படாதது எது என்று நான் யோசித்ததே இல்லை. மூன்று நாட்கள் அவருடைய கட்டுரை ஒன்றின் செய்முறைப் பகுதியையும் துணைத் தரவுகளையும் திரும்பத் திரும்பப் படித்து, ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன். அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்தக் கேள்விக்கு விடை எழுதுவது போலவே எழுதினேன். பதில்களும் வரத் தொடங்கின.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்தத் துறையின் இயல்பில் இருக்கிறது. புரத உயிரியற்பிய வேதியியலுக்குப் புரதத்தின் வடிவம் தொடக்கப்புள்ளி மட்டுமே. அந்த வடிவத்தில் அது எவ்வளவு உறுதியாக நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் குலைந்து மீண்டும் மடிகிறது, வேறொரு மூலக்கூறு வந்து பிணையும்போது எவ்வளவு வெப்பம் வெளிப்படுகிறது என்பவற்றையெல்லாம் எண்ணாகச் சொல்வதுதான் இங்கே வேலை. அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் ஆய்வை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியில் 124 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 8 சிஸ்டீன்கள் சேர்ந்து 4 கந்தகப் பாலங்களை அமைக்கின்றன. எட்டு சிஸ்டீன்களை நான்கு சோடிகளாக இணைக்க 105 வழிகள் உண்டு. புரதத்தை யூரியாவில் குலைத்து, பாலங்களை உடைத்து, பிறகு யூரியாவை நீக்கி ஆக்சிஜன் படும்படி விட்டபோது, அந்த 105-இல் சரியான ஒன்றே மீண்டும் அமைந்து நொதியின் செயல்திறனும் திரும்பியது. மடிந்த வடிவத்துக்கான தகவல் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்னும் முடிவு அங்கிருந்துதான் வந்தது. 1972-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுசேர்த்தது எந்தப் படமும் இல்லை. நொதியின் செயல்திறன் எத்தனை விழுக்காடு திரும்பியது என்னும் அளவீடுதான்.

நான் விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 2020 இறுதியில், ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் புரத வடிவங்களை வியக்கத்தக்க துல்லியத்துடன் கணித்துக் காட்டியது. 2022-க்குள் அதன் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகள் இருந்தன. 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும் அந்தப் பணிக்கும் புரத வடிவமைப்புக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இனி இந்தத் துறையில் செய்ய என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். எனக்கே அந்தக் கலக்கம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. மடிந்த நிலைக்கும் குலைந்த நிலைக்கும் இடையே உள்ள கட்டற்ற ஆற்றல் வேறுபாடு, அதாவது புரதத்தின் உறுதியைக் காட்டும் எண், பெரும்பாலான சிறு புரதங்களில் மோலுக்கு ஏறக்குறைய 20 முதல் 60 கிலோஜூல் வரைதான். புரதத்தைச் சேர்த்துப் பிடிக்கும் விசைகளின் கூட்டுத்தொகையும் அதைக் குலைக்க முயலும் குழப்பத்தின் (என்ட்ரோபியின்) பங்கும் தனித்தனியே மிகப் பெரியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது இந்தச் சிறு தொகை. ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அந்த மிச்சத்தில் எவ்வளவு குறையும் என்பதைக் கணித்த வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்பகமாகச் சொல்ல முடிவதில்லை. நிலையான வடிவமே இல்லாத புரதங்கள், திரண்டு இழைகளாகும் புரதங்கள், செல்லுக்குள் துளிகளாகப் பிரியும் புரதங்கள், கணினியில் வடிவமைக்கப்பட்ட புதிய புரதங்கள் ஆகியவை எல்லாமே இன்று அளந்து சொல்ல ஆள் தேடும் இடங்கள். மருந்துத் துறையில் ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) மருந்துகளை மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செறிவூட்டும்போது கரைசல் ஊசியில் ஏறாத அளவுக்குப் பிசுபிசுப்பாகிவிடுவதும் உயிரியற்பியச் சிக்கல்தான்.

இந்த அளவீடுகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சான்று டிரான்ஸ்தைரெட்டின். நான்கு அலகுகள் சேர்ந்த இந்த இரத்தப் புரதம் பிரிந்து, பிரிந்த அலகுகள் தவறாக மடிந்து, நரம்பிலும் இதயத்திலும் படிந்து உயிரைக் குடிக்கும் நோயை உண்டாக்குகிறது. நான்கு அலகுகள் பிரியும் படிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதையும், ஒரு குறிப்பிட்ட அமினோ அமில மாற்றம் அந்தப் படியின் ஆற்றல் தடையை உயர்த்தி நோயிலிருந்து காக்கிறது என்பதையும் பொறுமையான வேகவியல் அளவீடுகள் காட்டின. அதே தடையை ஒரு சிறு மூலக்கூறால் உயர்த்த முடியுமா என்று கேட்டு வேதியியலாளர் ஜெஃப்ரி கெல்லியின் குழு உருவாக்கிய டஃபாமிடிஸ் என்னும் மருந்து 2011-இல் ஐரோப்பாவிலும், இதய நோய்க்காக 2019-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இதைப் படித்த நாளில்தான் நான் இந்தத் துறையை உறுதியாகத் தேர்ந்தேன்.

இனி இடங்களைப் பற்றி. எல்லா முனைவர் பட்ட இடங்களும் ஒரே மாதிரி அமைந்தவை என்று நினைத்து நான் ஓராண்டை வீணாக்கினேன். ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு நிதி பெற்ற பேராசிரியர், அந்தத் திட்டத்துக்கென்று ஆள் எடுப்பது ஒரு வகை. ஐரோப்பாவின் பல நாடுகளில் இது சம்பளத்துடன் கூடிய வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள், காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். அங்கே ஆய்வுக் கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்; அது உங்களுக்குப் பிடித்த கேள்வியா என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் வழக்கமாக நிறுவனத்தின் பட்டப்படிப்புத் திட்டத்தில் சேர்ந்து, முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் சுழற்சியாகப் பணியாற்றிய பிறகு நெறியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். இளங்கலையோடும் சேரலாம், ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகள் மற்றொரு வகை. பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே கேள்வியைப் பல பக்கங்களிலிருந்து ஆராயும் இந்தத் திட்டங்களில், விண்ணப்பிக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதைப் படிக்காமல் விண்ணப்பித்து, எனக்கு மிகவும் பொருத்தமாக இருந்த ஓரிடத்தை நான் தகுதிச் சோதனையிலேயே இழந்தேன். விளம்பரத்தில் முதலில் படிக்க வேண்டியது தகுதிப் பகுதிதான் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

விண்ணப்பக் கடிதத்தை நான் இப்படித்தான் எழுதத் தொடங்கினேன். குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் முடிவு எந்த அளவீட்டின்மீது நிற்கிறது என்று ஒரு வரி; அந்த அளவீடு எதைக் காட்டவில்லை என்று ஒரு வரி; அதைக் காட்ட நான் என்ன செய்வேன் என்று இரண்டு மூன்று வரிகள். அதன் பிறகுதான் நான் யார், என்ன படித்தேன் என்பது. முதுகலை ஆய்வில் எனக்குக் கிடைத்த படம் ஒன்றையும் இணைத்தேன். அது அழகான படம் இல்லை. எந்தப் புள்ளியை ஏன் நம்பவில்லை என்று அதன் கீழே எழுதியிருந்தேன். பின்னர் என்னைத் தேர்ந்தெடுத்த நெறியாளர், அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் நேர்காணலுக்கு அழைத்ததாகச் சொன்னார்.

நேர்காணல்கள் இரண்டை விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நேர்காணலில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள்: புரதத்தைச் சூடாக்கிக்கொண்டே போகும்போது சி.டி. கருவியில் (வட்ட முனைவுற்ற ஒளியைப் புரதம் உறிஞ்சுவதை அளக்கும் கருவி) 222 நானோமீட்டரில் கிடைக்கும் குறிகை எப்படி மாறுகிறது என்னும் வளைவு. இந்த அலைநீளம் புரதச் சங்கிலியில் உள்ள ஆல்பா சுருளின் அளவைக் காட்டும் இடம் என்பது எனக்குத் தெரியும். உருகு வெப்பநிலை, அதாவது பாதிப் புரதம் குலைந்திருக்கும் வெப்பநிலை, எவ்வளவு என்று கேட்டார்கள். வளைவின் நடுவைப் பார்த்து 63 டிகிரி என்றேன். குலைவதற்கு ஏற்கும் வெப்பமான என்தால்பியைக் கணிக்க முடியுமா என்றார்கள். முடியும் என்று சொல்லி, சமநிலை வெப்பநிலையோடு மாறுவதிலிருந்து அதைக் கணிக்கும் வான்ட் ஹாஃப் சமன்பாட்டை எழுதினேன். தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். இடம் கிடைக்கவில்லை. ஏழு மாதங்கள் கழித்து வேறோர் ஆய்வகத்தில் ஏறக்குறைய அதே போன்ற வளைவைக் காட்டியபோது, சூடாக்கிய மாதிரியைக் குளிரவைத்து மீண்டும் அளந்தீர்களா, அந்த இரண்டாவது வளைவு எங்கே என்று கேட்டேன். புரதம் சூட்டில் திரண்டு வீழ்படிந்திருந்தால் மாற்றம் மீளாதது. மீளாத மாற்றத்திலிருந்து சமநிலை ஆற்றலைக் கணிக்கும் சமன்பாட்டைப் போடவே கூடாது. குலைந்த நிலையின் அடிக்கோடு, அதாவது முழுவதும் குலைந்த பிறகு வரும் கிட்டத்தட்ட நேரான பகுதி, வளைவில் இல்லையே என்றும் கேட்டேன். அன்று நான் தந்த விடைகளைவிட அந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் எனக்கு இடம் கிடைத்தது என்று நம்புகிறேன்.

சேர்ந்த பிறகு முதல் எட்டு மாதங்கள் நான் எதையும் அளக்கவில்லை. புரதத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்கிய புரதம் கரையாத திரளைகளாக வந்தது. வெப்பநிலையைக் குறைத்து இரவு முழுவதும் வளர்த்தபோது கரைந்த பகுதி சிறிது கூடியது. புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் நிக்கல் தூணிலிருந்து வெளிவந்தது தூய்மையாக இல்லை. மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் தூணில் போட்டபோது பாதிக்கு மேல் திரண்டிருந்தது. இந்தத் துறையில் எந்தக் குழுவில் சேர்ந்தாலும் புரதத் தயாரிப்பில் கணிசமான காலம் போகும். அதைத் தோல்வியாக எண்ணி மனம் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புரதத்தின் செறிவைச் சரியாகக் கணிக்கக் கற்றது அந்த எட்டு மாதங்களில்தான். 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களில் ஒரு டிரிப்டோபேனுக்கு 5500, ஒரு டைரோசினுக்கு 1490 என்று கூட்டி, உறிஞ்சலைச் செறிவாக மாற்ற உதவும் மோலார் உறிஞ்சு கெழுவைக் கணிக்கிறோம். புரதத்தில் டிரிப்டோபேனே இல்லையென்றால் அந்தச் செறிவில் வரும் சிறு பிழையும் பின்னால் வரும் எல்லா எண்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்து நான் செய்த தவறை முழுவதுமாக எழுதுகிறேன், ஏனெனில் இதில் கற்றதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக முடிந்தது. புரதத்தின் உட்புறத்தில் இருந்த ஓர் அமினோ அமிலத்தை ஹிஸ்டிடினாக மாற்றினோம். 25 டிகிரியில் பி.எச். 8.0 என்று அளந்து தயாரித்த டிரிஸ் பஃபரில் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கச் சேர்க்கும் கரைசல்) சூடாக்கி அளந்தபோது, மாற்றிய புரதத்தின் உருகு வெப்பநிலை இயல்புப் புரதத்தைவிட 9 டிகிரி குறைவாக இருந்தது. மூன்று முறை செய்தும் அதே விடை. நான் மகிழ்ந்தேன், குழுக் கூட்டத்தில் அதற்கு விளக்கமும் சொன்னேன். அதே பஃபரில், 25 டிகிரியிலேயே வைத்து, யூரியாவைக் கூட்டிக்கொண்டே போய்ப் புரதத்தைக் குலைத்தபோது மட்டும் இரண்டு புரதங்களுக்கும் வேறுபாடு மிகச் சிறியதாக வந்தது. யூரியாவைச் சந்தேகித்தேன். பழைய யூரியாக் கரைசலில் சயனேட் உருவாகிப் புரதத்தின் அமின்களோடு வினைபுரியும் என்பதால் புதிதாகக் கரைத்து, ஒளிவிலகல் எண்ணால் செறிவைச் சரிபார்த்து மீண்டும் செய்தேன். மாறவில்லை. இப்படியே ஆறு மாதங்கள் போயின.

காரணம் பஃபரில் இருந்தது. டிரிஸின் அமிலச் சமநிலை வெப்பநிலையைப் பொறுத்து வெகுவாக நகரும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.028 அளவு பி.எச். இறங்கும். 25 டிகிரியில் 8.0 ஆக இருந்த கரைசல் 75 டிகிரியில் 6.6-க்கு வந்துவிடுகிறது. ஹிஸ்டிடின் மின்னூட்டம் ஏற்கத் தொடங்கும் பகுதியும் கிட்டத்தட்ட அதுவே. நான் சூடாக்கச் சூடாக்க, உட்புறத்தில் புதைந்திருந்த ஹிஸ்டிடினுக்கு மின்னூட்டம் பெறும் தூண்டுதல் கூடி, அது புரதத்தைக் கூடுதலாகக் குலைத்துக்கொண்டிருந்தது. வெப்பநிலையால் மிகக் குறைவாகவே மாறும் பாஸ்பேட் பஃபரில், அதே பி.எச்.-இல் அளந்தபோது வேறுபாடு 3 டிகிரிதான். டிரிஸின் இந்த இயல்பை நான் பட்டப்படிப்பிலேயே படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். பஃபர் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. அப்போது என் நெறியாளர் கோபப்படவில்லை. இரண்டு முறைகளும் முரண்பட்ட அன்றைக்கே, எது தவறு என்று கேட்பதற்கு முன்னால், இரண்டும் சரியாக இருக்க வேண்டுமானால் எது வேறாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு பி.எச்.-ஐ வேண்டுமென்றே மாற்றி மாற்றி அளந்து, அந்த ஹிஸ்டிடின் மின்னூட்டம் பெறும் புள்ளி மடிந்த நிலையில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்டோம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிய என் கருத்து உறுதியானது. கருவிகளின் பட்டியலைப் பார்த்து ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சி.டி., ஒளிர்வு, வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டர், அணுக்களின் காந்தக் குறிகைகளை அளக்கும் என்.எம்.ஆர். ஆகியவை நல்ல நிறுவனங்கள் பலவற்றில் இருக்கும். பொதுப் பயன்பாட்டிலும் இருக்கும். சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறலுக்குக் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஈ.எஸ்.ஆர்.எஃப். போன்ற சிங்க்ரோட்ரான்களில் (செறிந்த எக்ஸ்கதிர் தரும் பெரிய முடுக்கிகள்) திட்ட முன்மொழிவு எழுதி நேரம் பெறலாம். ஒரே கேள்விக்கு இரண்டு முறைகளில் விடை கேட்கும் பழக்கம் அந்தக் குழுவில் இருக்கிறதா, முரண்பாடு வந்தால் அதைக் குழுக் கூட்டத்தில் அச்சமின்றிக் காட்ட முடிகிறதா என்பதுதான் கேட்டறிய வேண்டியது. இதை நெறியாளரிடம் கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம், கடைசியாக உங்களுடைய எந்த முடிவு தவறென்று தெரிந்தது, அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். நான் சேர்வதற்கு முன் எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று மிகவும் புகழ்பெற்ற குழு; அங்கிருந்த மாணவர் இந்தக் கேள்விக்கு நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பேச்சை மாற்றினார். மற்றொரு குழுவில் இருந்தவர் தன் கலோரிமீட்டர் கதையைச் சொன்னார்: புரதக் கரைசலிலும் மருந்துக் கரைசலிலும் கரைப்பானின் அளவு ஒரு விழுக்காடு வேறுபட்டதால் வந்த வெப்பத்தைப் பிணைப்பு வெப்பம் என்று நான்கு மாதங்கள் நம்பியிருக்கிறார். குழுவே உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்ததை அவர் சொல்லும்போது முகத்தில் வெட்கம் இல்லை. நான் இரண்டாவது இடத்தைத் தேர்ந்தேன்.

அந்த மாணவர்களிடமே கேட்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. புரதத்தைத் தயாரிப்பது யார், ஒவ்வொருவரும் தனக்குத் தானேவா அல்லது உதவியாளர் இருக்கிறாரா. கருவி பழுதானால் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும். கடந்த நான்கைந்து மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இடையில் விலகியவர்கள் உண்டா. நிதி எத்தனை மாதங்களுக்கு உறுதி, அது தீர்ந்த பிறகு ஆய்வேடு எழுதும் மாதங்களுக்கு ஊதியம் உண்டா என்பதை மட்டும் நெறியாளரிடமே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் தயங்க எதுவும் இல்லை, நல்ல நெறியாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, வெப்ப இயக்கவியலை மனப்பாடமாக இல்லாமல் கையால் கணக்குப் போட்டுப் படிப்பதுதான் எனக்கு அதிகம் உதவியது. யூரியாச் செறிவுக்கு எதிரே கட்டற்ற ஆற்றலை நேர்கோடாக வரைந்து, யூரியா இல்லாத நீருக்கு நீட்டி விடை காணும் எளிய கணக்கைப் பைத்தான் மொழியில் நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு அடிக்கோட்டின் சரிவைச் சிறிதளவு மாற்றினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அச்சில் வந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் பிழையின் அளவு அப்போதுதான் மனத்தில் பதியும். வடிவங்களைப் படிக்க 1971-இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி அனைவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அதில் ஒரு புரதத்தை எடுத்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் முறுக முடியும் என்று காட்டி ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தில் அதன் கோணங்களை நீங்களே குறித்துப் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதுக்கான வேலை. ஆய்வகத்தில் ஒரு கோடை மட்டும் பணியாற்ற வாய்ப்புக் கிடைத்தாலும் விடாதீர்கள், அது கரைசலை வைத்து அளக்கும் குவார்ட்ஸ் க்யூவெட் குப்பிகளைக் கழுவும் வேலையாக இருந்தாலும்.

எனக்கு முதலில் இரண்டு வரி எழுதிய பேராசிரியருக்கு, ஆய்வேடு முடிந்த வாரத்தில் மூன்றாம் இயலை அனுப்பினேன். பாஸ்பேட்டில் அளந்த வளைவுகளைப் பற்றி இரண்டு கேள்விகளும், அயனிச் செறிவை இரு பஃபர்களிலும் சமமாக வைத்தீர்களா என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்டு மறுநாளே எழுதியிருந்தார். மூன்றாவது கேள்விக்கான அளவீட்டை நான் செய்திருக்கவில்லை. அந்த வாரமே உறையவைத்திருந்த புரதத்தை எடுத்து உருக்கி, அடுத்த திங்கட்கிழமைக்குச் சி.டி. கருவியில் நேரம் பதிவு செய்தேன்.